வளைந்த கண்ணாடிகள்

உங்கள் வீட்டில் பளபளப்பான எவர்சில்வர் கரண்டி இருக்கிறதா? எடுத்து வாருங்கள்.

கரண்டியின் குழியான பக்கத்தில் முகம் பாருங்கள். முகம் தலைகீழாகத் தெரியும். இப்போது கரண்டியைத் திருப்புங்கள். புடைத்த பக்கத்தில் பாருங்கள். முகம் நேராகத் தெரியும். ஆனால் சிறியதாகத் தெரியும்.

கரண்டி ஒன்றுதான். முகமும் ஒன்றுதான். பிறகு ஏன் இந்த மாற்றம்?

ஒளி திரும்பும் விதம்

சுவரில் பந்தை எறிந்தால் அது திரும்பி வரும். அதுபோல, கண்ணாடியில் படும் ஒளியும் திரும்பி வரும். அது நம் கண்ணுக்கு வரும்போது உருவம் தெரிகிறது. அந்த உருவத்தைப் பிம்பம் என்கிறோம்.

சுவரில் மாட்டும் கண்ணாடி தட்டையானது. அதில் முகம் நேராக, உள்ள அளவிலேயே தெரியும். வளைந்த கண்ணாடி அப்படி இல்லை. அதன் ஒவ்வோர் இடமும் வேறு வேறு பக்கம் பார்த்து நிற்கிறது. அதனால் ஒளி திரும்பும் திசையும் மாறுகிறது.

குழி ஆடி

முகம் பார்க்கும் பக்கம் குழிந்திருந்தால் அது குழி ஆடி. இது ஒளியை ஒன்று சேர்க்கும். தூரத்திலிருந்து வரும் ஒளி ஒரே இடத்தில் வந்து கூடும். அந்த இடத்தின் பெயர் குவியம்.

பொருள் குவியத்தைத் தாண்டி இருந்தால், ஒளி குறுக்காகக் கடந்துபோகும். நெற்றியிலிருந்து வந்த ஒளி கீழே சேரும். தாடையிலிருந்து வந்த ஒளி மேலே சேரும். அதனால்தான் கரண்டியில் முகம் தலைகீழானது.

பொருள் குவியத்தைவிட அருகில் இருந்தால், பிம்பம் நேராகவும் பெரிதாகவும் தெரியும். பல் மருத்துவர் வாய்க்குள் வைத்துப் பார்க்கும் சிறு கண்ணாடி சிலவேளைகளில் குழி ஆடியாக இருக்கும். அதில் பல் பெரிதாகத் தெரியும்.

குழி ஆடி வெயிலையும் குவிக்கும். மகாராஷ்டிரத்தில் ஷீரடி சாய்பாபா கோயிலின் அன்னதானச் சமையலுக்காக, 2009-ல் 73 பெரிய வளைந்த ஆடித் தட்டுகளை அமைத்தார்கள். அவை வெயிலைக் குவித்து நீரை ஆவியாக்கின. அந்த நீராவியில் உணவு வெந்தது.

எச்சரிக்கை! குழி ஆடியை வெயிலில் வைக்காதீர்கள். ஒளி கூடும் இடத்தில் காகிதம், துணி தீப்பிடிக்கலாம். அந்த ஒளி கண்ணில் பட்டால் பார்வையே கெடும்.

குவி ஆடி

முகம் பார்க்கும் பக்கம் புடைத்திருந்தால் அது குவி ஆடி. இது ஒளியை விரித்து அனுப்பும். பிம்பம் எப்போதும் நேராக இருக்கும். எப்போதும் சிறியதாக இருக்கும். சிறியதாக இருப்பதால் அதிக இடம் தெரியும். ஆகவேதான் பல வாகனங்களின் பக்கக் கண்ணாடியாகவும், மலைச்சாலை வளைவுகளிலும் இதை வைக்கிறார்கள்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. சிறியதாகத் தெரிவதைத் தூரத்தில் இருப்பதாக நம் மனம் நினைக்கும். கண்ணாடியில் லாரி சிறியதாகத் தெரிகிறது. ‘தூரத்தில்தான் வருகிறது’ என்று வண்டியைத் திருப்புகிறோம். லாரியோ பக்கத்தில் வந்துவிட்டது! மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி, 3 நொடியில் 30 மீட்டர் வந்துவிடும்.

சில கார்களின் பக்கக் கண்ணாடியில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். ‘கண்ணாடியில் தெரிவதைவிடப் பொருள்கள் அருகில் உள்ளன’ என்பதே அதன் பொருள். ஆகவே வண்டியைத் திருப்பும் முன் தலையைத் திருப்பியும் ஒருமுறை பாருங்கள்.

நடந்து போவோருக்கும் ஒரு செய்தி. ஒளி போன வழியே திரும்பியும் வரும். பேருந்தின் கண்ணாடியில் டிரைவரின் கண்கள் உங்களுக்குத் தெரிந்தால், அவரும் உங்களைப் பார்க்க முடியும். தெரியவில்லை என்றால், அந்தக் கண்ணாடியில் நீங்களும் அவருக்குத் தெரியமாட்டீர்கள். அந்த இடத்தில் நிற்காதீர்கள். பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

செய்து பாருங்கள்

கரண்டியின் குழிக்குள் விரல் நுனியைத் தொடும்படி வையுங்கள். மெல்ல வெளியே இழுங்கள். விரலின் பிம்பம் எப்போது தலைகீழாக மாறுகிறது?

விடை எழுதுங்கள்

1. ஒளியை ஒன்று சேர்க்கும் ஆடி எது?
2. குவி ஆடியில் பிம்பம் எப்படி இருக்கும்?
3. பக்கக் கண்ணாடியை மட்டும் நம்பி வண்டியைத் திருப்பலாமா? ஏன்?