எம், என், ங் - மூக்கொலிகள் மூன்று



சென்ற ஆண்டு செராஸில் எங்கள் கடைத் தொலைபேசியில் ஓர் ஆர்டர் வந்தது. அவர்கள் கேட்டது 'என் டுவெல்வ்'. எங்கள் காதில் விழுந்ததோ 'எம் டுவெல்வ்'. நாற்பது உருப்படிகள் போய்த் திரும்பி வந்தன. லாரிக் கூலி இரு தடவையும் எங்கள் தலையில்.

தொலைபேசிக் கம்பி, வினாடிக்கு 300 முதல் 3400 அதிர்வுகள் வரையுள்ள ஒலியையே கடத்தும்படி அமைந்தது. இவ்விரு எழுத்துகளையும் பிரித்துக் காட்டும் நுண்ணிய வேறுபாடு அதில் மங்கிவிடும். பேச்சுத் தமிழிலும் 'மரம்', 'வந்தேன்' என்பவற்றின் கடைசி மெய்யை நாம் முழுமையாகச் சொல்வதில்லை. மூக்கால் இழுத்து விட்டுவிடுகிறோம். அதே பழக்கத்தில் ஆங்கிலம் பேசினால், கேட்பது எலுமிச்சையாகிய 'லைம்' ஆ, கோடாகிய 'லைன்' ஆ என்று எதிரிலிருப்பவருக்கு விளங்காது. ஆகவே 'ம்' வந்தால் ஒலி முடியும் வரை உதடுகள் மூடியிருக்கட்டும். 'ன்' வந்தால் உதடு திறந்திருக்க, நாக்கு நுனி மேற்பல்லுக்குப் பின்னுள்ள ஈற்றில் பதிய வேண்டும்.

மூன்றாவதான 'ங்' தான் நமக்குச் சிரமம். தமிழில் எந்தச் சொல்லும் 'ங்' என்று முடிவதில்லை. நம் முன்னோர் இந்நாட்டுப் பெயர்களை என்ன செய்தார்கள் பாருங்கள். பினாங் என்பதில் 'கு' சேர்த்துப் பினாங்கு என்றார்கள். கிளாங்கைக் கிள்ளான் ஆக்கினார்கள். கம்போங் கம்பம் ஆயிற்று. ஒரே ஒலிக்கு மூன்று வழி! தமிழ் பேசும்போது இதில் குற்றமில்லை. ஆங்கிலத்தில் 'திங்' என்பது பொருள், 'தின்' என்பது மெல்லியது. அங்கே இப்படிச் செய்ய இயலாது.

இதற்கு உஸ்தாது வெளியே வேண்டாம்; நம் மலாய் வாடிக்கையாளர்களே போதும். பாராங், வாங், ஊத்தாங் என்று அவர்கள் முடிப்பதைக் கவனியுங்கள். அடிநாக்கு மேலெழுந்து உள்ளண்ணத்தில் ஒட்டுகிறது. நுனி கீழே கிடக்கிறது. (ஊத்தாங்கை மட்டும் நம்மில் எவரும் தப்பாகச் சொல்வதில்லை!) அரபியில் இவ்வொலிக்குத் தனி எழுத்தில்லை, மலாய்க்காரர் ஐன் எழுத்தின் மேல் மூன்று புள்ளியிட்டு ஜாவியில் ஓர் எழுத்தையே உண்டாக்கிக்கொண்டார்கள்.

இன்னொன்று. 'ஃபிங்கர்' என்பதில் 'க' ஒலி உண்டு. பாடுகிறவரைக் குறிக்கும் 'சிங்கர்', சட்டை மாட்டும் 'ஹேங்கர்' ஆகியவற்றில் இல்லை. தமிழில் எழுதினால் எல்லாம் ஒன்றுபோல் தெரியும். எழுத்தை நம்ப வேண்டாம். 'சிங்', 'ஹேங்' என்ற வினையிலிருந்து பிறந்தவற்றில் 'க' வராது. 'லாங்' என்பது 'லாங்கர்' ஆகும்போதோ வந்துவிடும்.

மதரஸாவில் ஓதியவருக்கு இதெல்லாம் அந்நியமல்ல. நூன் சாகினுக்குப் பின் 'பே' வந்தால் மீமாக மாற்றி, குன்னாவோடு ஓத வேண்டும் என்ற இக்லாப் சட்டத்தை லெப்பை காதைத் திருகிப் படிப்பித்தாரே! ஆங்கிலேயரும் வேகமாகப் பேசினால் 'டென் பவுண்ட்ஸ்' என்பது 'டெம் பவுண்ட்ஸ்' என்றே விழும். அதை வேறு சொல்லென்று மயங்க வேண்டாம்.

விமானத் துறையினர் 1956 முதல், எம் எழுத்துக்கு 'மைக்', என் எழுத்துக்கு 'நவம்பர்' என்று சொல்லி வருகிறார்கள். இவ்விரு சொற்களையும் எங்கள் பில் புத்தக அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.