குடிமக்களுக்கும் அலுவலகத்திற்கும் இடையே ஒரு நடுவர்

ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கியதும் தென்காசி வட்டாரத்து உழவர்கள் கார் நடவுக்கு ஆயத்தமாகின்றனர். கிணற்றை நம்பி நாற்றுவிட்டவருக்கு அச்சமயம் டிரான்ஸ்பார்மர் பழுதாகிவிட்டால் என்ன செய்வது? நாற்று சில நாட்களே பொறுக்கும். அலுவலகத்திலோ "எழுதி அனுப்பியிருக்கிறோம்" என்ற விடையே கிடைக்கிறது. வழக்காட அவருக்குப் பொருளும் இல்லை, பொழுதும் இல்லை. இத்தகைய எளியவருக்காக ஏற்பட்டதே நடுவர் என்னும் பதவி.

ஸ்வீடன் நாட்டில் 1809-ஆம் ஆண்டில் இப்பதவி அரசியல் சட்டத்தில் இடம்பெற்றது. 'ஆம்புட்ஸ்மன்' என்பது அந்நாட்டார் இட்ட பெயர். அதிகாரிகள் சட்டப்படி நடக்கின்றனரா என்று மக்களின் சார்பில் பார்ப்பது அவர் கடமை. கோப்பை வரவழைப்பார்; காரணம் கேட்பார்; தவறு கண்டால் எடுத்துரைப்பார். நம் நாட்டில் 1966-இல் அமைந்த நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் லோக்பால், லோக் ஆயுக்தா ஆகிய அமைப்புகளைப் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் லோக் ஆயுக்தா சட்டம் 2018-இல்தான் நிறைவேறியது. ஆரியங்காவுக் கணவாய்க்கு அப்பால் கேரளத்தில், உள்ளாட்சிகளுக்கென்றே ஒரு நடுவரை 2000-ஆம் ஆண்டிலேயே ஏற்படுத்திவிட்டனர். நாம் சற்றுத் தாமதித்தோம் என்றே சொல்ல வேண்டும்.

உழவர்களுக்கு மிகவும் பயன்படக்கூடியவர் மின்குறை தீர்ப்பாளர். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 42-ஆம் பிரிவின்படி இவரை மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நியமிக்கிறது. எனினும் எடுத்த எடுப்பில் இவரிடம் செல்ல இயலாது. முதலில் பிரிவு அலுவலகத்தில் புகார் கொடுக்க வேண்டும். அங்கே தீராவிடில் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்தை அணுக வேண்டும். அதன் முடிவும் மனநிறைவு தராதபோதே தீர்ப்பாளரிடம் முறையிடலாம். பழுதுகளைச் சரிசெய்யக் கால வரம்பும், அது தவறினால் இழப்பீடும் உண்டென்பதைப் பலர் அறியார்.

இங்கேதான் நம்மவர் இடறுகின்றனர். "பலமுறை நேரில் சொல்லியும் பயனில்லை" என்று எழுதப்பட்ட மனுக்களை நாம் நிறையக் கண்டிருக்கிறோம். எந்த நாள், எவரிடம், என்ன விடை என்பது அவற்றில் இராது. காலவரம்பு கடந்ததா என்பதை நடுவர் எதைக் கொண்டு கணக்கிடுவார்? தேதியிட்ட புகாரும் அதற்குரிய ஒப்புகைச் சீட்டும் இன்றேல் நியாயம் தம் பக்கம் இருந்தும் உழவர் வெறுங்கையராகவே நிற்பார்.

உள்ளாட்சிகளுக்கு வருவோம். தென்காசி நகராட்சி, குற்றாலம் பேரூராட்சி போன்றவற்றில் ஊழலோ முறைகேடோ நிகழ்ந்ததாகப் புகார் எழுந்தால் விசாரிப்பதற்கென 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் முறைமன்ற நடுவம் ஏற்பட்டது. கிராம ஊராட்சிகளுக்கு மாவட்ட ஆட்சியரே ஆய்வாளர். 2019 நவம்பர் 22-இல் தென்காசி தனி மாவட்டமாகும் வரையில் அந்த ஆட்சியரைக் காண ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் திருநெல்வேலிக்குப் பயணம் செய்ய வேண்டியிருந்தது. ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் போயின. எத்தனையோ மனுக்கள் எழுதப்படாமலே நின்றிருக்கும்.

ஊராட்சி உறுப்பினர்களின் நிலை சற்றுச் சங்கடமானது. ஊராரின் குறைகளை அலுவலகத்திற்குக் கொண்டு செல்பவரும் அவரே. குழாயில் நீர் வராவிடில் குறைகூறப்படுபவரும் அவரே. வாய்க்காலோரம் எவரேனும் மனுக் கொடுத்தால், உறவு முறையில் "பார்த்துக்கொள்ளலாம், அண்ணாச்சி" என்று சொல்லிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வது நம் வழக்கமாகிவிட்டது. அம்மனு பதிவேட்டில் ஏறாது. ஏறாத மனுவுக்கு விடையும் எழாது. நாளை விசாரணை வந்தால், நேர்மையாக உழைத்த உறுப்பினரும் தம் உழைப்பை மெய்ப்பிக்க வழியின்றி நிற்பார். மனுவைப் பெற்ற அன்றே எண்ணிட்டுப் பதிந்து, சீட்டுக் கொடுத்து, எடுத்த நடவடிக்கையை அடுத்த கிராம சபையில் படித்துக் காட்டலாம். ஆண்டில் ஆறு நாட்கள் சபை கூடுகிறது. பதிவேட்டுக்கு ஒரு நோட்டுப் புத்தகமே போதும்.