அக்குளில் தீராத எரிச்சல்

கேள்வி: மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை முடிந்து ஒன்றரை வருடமாகிறது. அக்குளிலும் மேல்கையின் உள்பக்கத்திலும் எரிச்சல் போகவில்லை. ரவிக்கை உரசினாலே துடிக்கிறேன். நோய் திரும்பிவிட்டதா?

பதில்: பயப்படாதீர்கள். அக்குளில் நெறிக்கட்டிகளை எடுக்கும்போது அவ்வழியே போகும் உணர்வு நரம்பு அறுபடுவதோ இழுபடுவதோ சகஜம். தையல் ஆறிய பிறகும் அந்த நரம்பு வலியைக் கிளப்பிக்கொண்டே இருக்கும். நீங்கள் சொல்லும் இடம் அதற்கு அப்படியே பொருந்துகிறது. ஆனாலும் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். புதிதாகக் கட்டியோ கை வீக்கமோ தெரிந்தால் தள்ளிப்போடவே வேண்டாம்.

இந்த வலி பாராசிட்டமாலுக்கு அவ்வளவாக அடங்காது. கபாபென்டின், டுலாக்செடின் போன்ற நரம்புவலி மாத்திரைகளைக் குறைந்த அளவில் தொடங்கிக் கூட்டுவார்கள். டமாக்சிஃபென் சாப்பிடுகிறவரானால் அதை அவசியம் சொல்லுங்கள். டுலாக்செடின் அதன் பலனைக் குறைக்கக்கூடும். வலிக்குப் பயந்து கையை மடக்கியே வைத்திருந்தால் தோள் இறுகிவிடும். பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் பயிற்சிகளைத் தினமும் செய்யுங்கள். உயிர் பிழைத்ததே பெரிதென்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை, அம்மா.