கியர் மாறாத வண்டி: சோலினாய்டு மாற்றும் முன் கடைக்காரர் அறிய வேண்டியவை

சேலம் செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் மூட்டை ஏற்றி, அடிவாரம் தாண்டி, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி ஏற்காட்டுக்குச் சரக்கு கொண்டு வரும் நமக்கு, வண்டி என்பது கல்லாப் பெட்டிக்கு அடுத்தபடியான சொத்து. வண்டி ஒரு நாள் நின்றால் சர்க்கரை, எண்ணெய், முட்டை எல்லாம் கீழேயே நிற்கும். வாடிக்கைக்காரர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

நம்மவர்களில் பெரும்பாலோர் வைத்திருப்பது கையால் கியர் போடும் வண்டிதான். 2005-ல் வந்த டாடா ஏஸ் ஆனாலும், 2011-ல் ஓசூரிலிருந்து வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் ஆனாலும், கிளட்சை மிதித்து கியர் மாற்றிப் பழகிய கால் நமது கால். ஆனால் 2019-ல் இசுசு வி-கிராஸ் வண்டியிலும், 2022-ல் இந்தியாவுக்கு வந்த டொயோட்டா ஹைலக்ஸிலும் 6 கியர் கொண்ட தானியங்கி வகை கிடைக்கத் தொடங்கியது. இத்தகைய பிக்கப்புகள் இரண்டாம் கையாக விலைக்கு வரும்போது, குடும்பத்துக்கும் ஆகும், கடைக்கும் ஆகும் என்று நம்மவர்கள் ஆசைப்படுகிறார்கள். ஆசைப்படுவதில் தவறில்லை. பதிவுச் சான்றிதழில் எந்த வகை வண்டியாகப் பதிந்திருக்கிறது, எவ்வளவு எடைக்கு அனுமதி என்பதை மட்டும் முதலில் படித்துவிடுங்கள். ஐந்து பேர் அமரும் பிக்கப், தோஸ்த் சுமக்கும் சுமையைச் சுமக்கப் பிறந்ததல்ல.

இப்படி ஒரு தானியங்கி பிக்கப்பை நாங்களும் பழையதாக வாங்கினோம். ஒரு மே மாதம், கோடை விழாக் கூட்டத்துக்காகச் சரக்கு ஏற்றி வரும்போது, பாதி மலையில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. அதன்பின் வண்டி மூன்றாவது கியரை விட்டு இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. வளைவில் நின்று கிளம்பவே திணறியது. கீழே ஒரு பட்டறையில் காட்டியபோது, பார்த்த மாத்திரத்தில், "கியர் பாக்ஸ் போச்சுங்க, மொத்தமா மாத்தணும்" என்றார்கள். சொன்ன தொகை எங்கள் கடையின் ஓராண்டு லாபத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. கடைசியில் கோளாறு என்னவோ ஒரு முழ ஒயரில் இருந்தது. அதைக் கண்டுபிடித்த வழியை நம் உறுப்பினர்களும் தெரிந்துகொள்வது நல்லது என்பதால்தான் இந்தப் பாடம்.

தானியங்கி கியர் பாக்ஸுக்குள் கிளட்ச் மிதி கிடையாதே தவிர, சிறு சிறு கிளட்ச் தட்டுகள் அடுக்கடுக்காக உண்டு. எந்த அடுக்கை இறுக்குகிறோம், எதைத் தளர்த்துகிறோம் என்பதைப் பொறுத்து கியர் அமைகிறது. இறுக்கும் வேலையைச் செய்வது எண்ணெயின் அழுத்தம். என்ஜின் சுழலும்போது ஒரு பம்பு எண்ணெயை அழுத்தித் தள்ளுகிறது. வால்வு பாடி என்ற உலோகக் கட்டையில் வாய்க்கால் வெட்டியதுபோல் ஓடும் பாதைகள் வழியே அது பிரிந்து போகிறது. 1940-ம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் காரில் ஜெனரல் மோட்டார்ஸ் கொடுத்த ஹைட்ரா-மேட்டிக்கில் இந்தத் தீர்மானம் எல்லாம் எண்ணெய் அழுத்தத்தாலேயே நடந்தது, மின்சாரம் இல்லை. பிற்காலத்தில் அந்தப் பொறுப்பு கணினிக்குப் போனது. கணினி சொல்வதைக் கேட்டு எண்ணெய்ப் பாதையைத் திறந்து மூடுகிற மடைதான் சோலினாய்டு.

அது பெரிய பொருள் அல்ல. செம்புக் கம்பிச் சுருள், நடுவே நகரும் ஒரு சிறு இரும்புத் தண்டு, நுனியில் வால்வு, அவ்வளவுதான். மின்சாரம் வந்தால் தண்டு நகரும். நின்றால் சுருள்வில் திருப்பி அனுப்பும். ஏரி மதகைத் திறக்கிற மடையரைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். மடையர் வேலை செய்யாவிட்டால் தண்ணீர் வராது. அதற்காக ஏரியையே புதிதாக வெட்ட வேண்டியதில்லை.

சோலினாய்டு சொன்னபடி நடக்கவில்லை என்று கணினிக்குச் சந்தேகம் வந்தால், வண்டியைக் காப்பாற்றுவதற்காக ஒரே கியரில் பூட்டிவிடும். இதைத்தான் நாங்கள் அன்று கியர் பாக்ஸ் செத்துவிட்டதாக நினைத்தோம். உண்மையில் அது தற்காப்பு. ஆனால் சுமையோடு மலையில் இப்படிப் பூட்டிக்கொண்ட வண்டியை மிதித்து மிதித்து மேலே ஏற்றக் கூடாது. டார்க் கன்வெர்ட்டருக்குள் எண்ணெய் வழுக்கி வழுக்கிக் கொதிக்கும்; சிறு கோளாறு பெரிய கோளாறாகும். அகலமான இடத்தில் ஓரம் கட்டி, சரக்கை வேறு வண்டிக்கு மாற்றுங்கள். என்ஜினை அணைத்துச் சிறிது நேரம் கழித்துப் போட்டால் சில சமயம் சரியானது போல ஓடும். சரியாகிவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை.

அடுத்து, கோளாறு எண். டாஷ்போர்டின் கீழே 16 ஊசிகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். ஸ்கேனரை அதில் செருகினால் எண் வரும். பட்டறைக்காரர் வாயால் சொல்வதை மட்டும் கேட்டு நிற்காமல், அந்த எண்ணைத் தாளில் எழுதி வாங்குங்கள். பி 0750 முதல் பி 0774 வரையுள்ள எண்கள் ஷிப்ட் சோலினாய்டுகளைப் பற்றியவை. ஒவ்வொரு சோலினாய்டுக்கும் ஐந்து எண்கள். முதல் சோலினாய்டுக்கு 0750 பொதுவான கோளாறு. 0751 என்றால் நடத்தைக் குறை, அல்லது இயங்காத நிலையிலேயே சிக்கியது. 0752 என்றால் இயங்கிய நிலையிலேயே சிக்கியது. 0753 என்றால் மின்சாரக் குறை. இரண்டாவதற்கு 0755-லிருந்து இதே வரிசை. எங்கள் வண்டி காட்டியது பி 0758, அதாவது இரண்டாம் சோலினாய்டின் மின்சாரக் குறை.

இங்கேதான் பணம் போகிறது. "சோலினாய்டு கோளாறு என்று மிஷினே சொல்கிறது" என்று பாகத்தை மாற்றிவிடுகிறார்கள். மிஷின் சொல்வது அந்தச் சுற்றைப் பற்றி. கணினியிலிருந்து ஒயர், இணைப்புக் கட்டை, கியர் பாக்ஸுக்குள் போகும் ஒயர்க் கொத்து, கடைசியில் சோலினாய்டு என்று நான்கு இடங்கள் அதில் உண்டு. மின்சாரக் குறை எண் வந்தால் எண்ணெயைக் கழற்றும் முன்னால் மல்டிமீட்டரை எடுக்கச் சொல்லுங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றி, கியர் பாக்ஸின் வெளி இணைப்பில் வைத்தே சுருளின் ஓம் அளவைப் பார்க்கலாம். திறந்து மூடும் வகைக்குப் பல வண்டிகளில் 11 முதல் 15 ஓம் வரை இருக்கும். அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வகைக்கு 5 ஓம் அளவே இருக்கும். அந்தந்த வண்டியின் சர்வீஸ் புத்தகம் சொல்வதே இறுதி.

எங்கள் வண்டியில் சுருள் 12 ஓம் காட்டியது. பழுதில்லை. ஆனால் கணினிப் பக்கத்திலிருந்து பார்த்தால் இணைப்பே இல்லை. ஒயர் வழியே தேடிப் போனால், எலி கடித்திருந்தது. இதில் ஆச்சரியம் என்ன? அரிசியும் கடலைப் புண்ணாக்கும் வைத்திருக்கும் கிடங்கின் பின்புறம் வண்டியை இரவெல்லாம் நிறுத்தினால், எலிக்கு அரிசி சாப்பாடு, ஒயர் பல் தீட்டும் குச்சி. மளிகைக் கடைக்காரர் வண்டிக்கு வரும் நோய்களில் இது முதன்மையானது என்றே சொல்வோம். மூடுபனியிலும் ஐப்பசி மழையிலும் இணைப்புக் கட்டைக்குள் ஈரம் புகுந்து பச்சைக் களிம்பு பிடிப்பது இரண்டாவது. இரண்டுக்கும் ஆகும் செலவு கியர் பாக்ஸ் விலைக்கு முன்னால் ஒன்றுமில்லை.

ஆனால் சோலினாய்டே கெடுவதில்லை என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டாண்டு கழித்து அதே வண்டியில் உண்மையாகவே ஒன்று கெட்டது. அடிவாரத்தில் நன்றாக இருக்கும். எட்டாவது வளைவு தாண்டியதும் விளக்கு எரியும். காலையில் குளிர்ந்த வண்டியில் அளந்தால் சரியான ஓம் காட்டும். சுருளுக்குள் உடைந்திருந்த கம்பி, சூட்டில் விரிந்து பிரிந்துவிடுகிறது. குளிர்ந்தால் மறுபடி தொட்டுக்கொள்கிறது. எனவே மலையில் ஓடும் வண்டியைச் சூடாக இருக்கும்போது அளக்க வேண்டும். ஏறி வந்த கையோடு அளந்ததும் மீட்டர் ஒன்றும் காட்டாமல் நின்றது. அதுவே தீர்ப்பு. மார்கழிக் காலையில் முதல் சில நிமிடம் கியர் தாமதமாக மாறுவதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். எண்ணெய் குளிர்ந்து தடித்திருப்பதால் வருவது அது.

மாற்றும் வேலையை நாமே செய்யப் போவதில்லை. அருகில் நின்று கவனிக்கத் தெரிந்தால் போதும். சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றுவார்கள். எண்ணெய் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு அளவு போட்ட டின்னில் வடிக்க வேண்டும். எவ்வளவு வந்ததோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்ப ஊற்றும்போது அது உதவும். அடுத்து ஆயில் பேனைக் கழற்றியதும் உள்ளே உள்ள காந்தங்களை நீங்களே பாருங்கள். சாம்பல் நிறத்தில் மை போல மெல்லியதாக ஒட்டியிருந்தால் இயல்பான தேய்மானம். கையில் குத்தும் உலோகச் சிம்புகளோ, கருகிய வாடையோ, கரிய துகளோ இருந்தால் தட்டுகளே போயிருக்கக்கூடும். சோலினாய்டை மட்டும் மாற்றிப் பயனில்லை. வேலையைத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்யும் இடம் இதுதான்.

சோலினாய்டுகள் பார்ப்பதற்கு அண்ணன் தம்பி போல இருக்கும், ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று ஆகாது. கழற்றும் முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்தால் தகராறு வராது. புதிய ஓ-ரிங்கில் அதே கியர் எண்ணெயைத் தடவிச் செருக வேண்டும். சிறிய போல்ட்டுகளை பலம் கொண்டு முறுக்கினால் அலுமினிய மரை போய்விடும். 10 நியூட்டன் மீட்டர் அளவுதான் பெரும்பாலும் கேட்கும், அளவுச் சாவியால் இறுக்கச் சொல்லுங்கள். துடைப்பதற்குப் பஞ்சு வேஸ்ட் கூடவே கூடாது. ஒரு நூலிழை வால்வில் சிக்கினால் பழைய கதை மீண்டும் ஆரம்பம். கேஸ்கெட்டும் பில்டரும் புதிதாகப் போட்டுவிடுவது நல்லது. சில வண்டிகளில் சோலினாய்டு தனியாகக் கிடைக்காது, வால்வு பாடியோடுதான் தருவார்கள், முன்கூட்டியே விசாரியுங்கள்.

எண்ணெயில் சிக்கனம் பார்க்க வேண்டாம். சிவப்பாக இருப்பதெல்லாம் ஒரே எண்ணெய் என்று எண்ணுவது, எல்லாம் மஞ்சளாக இருப்பதால் துவரம் பருப்பும் கடலைப் பருப்பும் ஒன்று என்பது போல. புத்தகத்தில் உள்ள வகை வேண்டும். பல புதிய வண்டிகளில் அளவு பார்க்கும் குச்சி கிடையாது. என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது, குறிப்பிட்ட வெப்பத்தில், வழியும் துளையைத் திறந்து பார்க்க வேண்டும். குத்துமதிப்பாக ஊற்றும் பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.

பில்லில் எண் பார்த்த கூலி, பாகம், கேஸ்கெட், பில்டர், எண்ணெய் எத்தனை லிட்டர், வேலைக் கூலி எல்லாம் தனித்தனி வரியாக இருக்கட்டும். நாம் மூட்டைக்கு மூட்டை எடை போட்டு பில் போடுகிறவர்கள். இதைக் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. கழற்றிய பழைய சோலினாய்டையும் கேட்டு வாங்குங்கள். தந்தால் நல்ல பட்டறை.

வண்டி மலையில் நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுத்துச் சேலத்துக்கு இறக்கும் பழக்கத்தைத் தானியங்கி வண்டியிடம் காட்டாதீர்கள். என்ஜின் ஓடாதபோது எண்ணெய்ப் பம்பு சுழலாது. சக்கரம் மட்டும் உருண்டால் உள்ளே பாகங்கள் எண்ணெயின்றி உரசித் தேயும். நான்கு சக்கரமும் தரையைத் தொடாதபடி தட்டு வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குவதும் அதைவிட மோசம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். சேலம் 300 மீட்டருக்கும் கீழே. இரண்டரை டன் எடை 1,200 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் சக்தி ஏறக்குறைய 8 யூனிட் மின்சாரத்துக்குச் சமம்: ஆயிரம் வாட் ஹீட்டரை எட்டு மணி நேரம் எரிய விட்டது போல. என்ஜின் பிடித்து நிறுத்த வேண்டியதை எல்லாம் பிரேக் மேல் போட்டால் அது தாங்குமா? கியர் லீவரைக் கைமுறைப் பக்கம் தள்ளி, இரண்டு அல்லது மூன்றில் வைத்து இறங்குங்கள். கியர் பூட்டிக்கொண்ட வண்டியை மலையிறக்கவே கூடாது என்று நாங்கள் சொல்வதற்கும் இதுவே காரணம்.

2014-ல் மாருதி செலிரியோவோடு பரவலான ஏ.எம்.டி. வண்டிகளைப் பற்றியும் உறுப்பினர்கள் கேட்கிறார்கள். அது வேறு சாதி. அதில் இருப்பது வழக்கமான கியர் பாக்ஸும் ஒற்றைக் கிளட்ச் தட்டும்தான். நம் காலும் கையும் செய்ததை ஒரு எந்திரக் கை செய்கிறது. அந்தக் கையிலும் சோலினாய்டு வால்வு உண்டு, ஆனால் மேலே சொன்ன முறைகள் அப்படியே பொருந்தா. வளைவில் ஆக்சிலேட்டரை மிதித்தே வண்டியைப் பிடித்து நிறுத்தினால் கிளட்ச் தட்டு கருகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

சோலினாய்டு மாற்றிய பின் பழைய எண்ணை அழித்து, கணினிக்குப் புதிய பாகத்தைப் பழக்கும் வேலையையும் பட்டறையில் முடித்துவிட வேண்டும். முதல் ஓட்டம் சேலத்துச் சமதளச் சாலையில். அடுத்தது சரக்கில்லாமல் சில வளைவுகள் வரை. அதன்பிறகே முழு ஏற்றம். அன்றிரவு வண்டிக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து வைத்தோம். காலையில் சிவப்புச் சொட்டு ஏதும் இல்லை என்று பார்த்த பிறகுதான் லீ பஜாருக்குச் சாவியைக் கொடுத்து அனுப்பினோம். கிடங்கின் பின்புறம் நிறுத்துவதையும் அன்றோடு விட்டுவிட்டோம்.