புகழ் மண்டபமும் ஒழுக்கமும்

"ஆற்றலாற் பெற்ற புகழை ஒழுக்கக்கேடு அழிக்குமோ?" என்னும் வினா சென்ற தவணையில் நம் கல்லூரி உயர்தர மாணவர் மன்றத்தின் விவாதப் பொருளாக அமைந்தது. நடுவராக இருக்கும்படி மாணவர் என்னை வேண்டினர். இரு பக்கத்தாரும் திறம்பட வாதித்தனர். எனினும், திறமைக்கே மாலை என்று ஒரு சாராரும், ஒழுக்கமிலார்க்கு மாலையேது என்று மறுசாராரும் தத்தம் முடிவையே மீட்டும் மீட்டும் கூறினரேயன்றி, மாலை என்பது யாது, அதனை அளிப்பவர் யார், எதன்பொருட்டு அளிக்கின்றனர் என்பவற்றை ஆராய்ந்தாரிலர். மணி அடித்துவிட்டமையால் அன்று தீர்ப்புக் கூறாமலே மன்றம் கலைந்தது. கூறாது விட்டதனை இம்மலரின் வாயிலாகக் கூற விழைகின்றேன். விழாக்காலம் என்பது கல்லூரிகள் தம் மைந்தரின் பெயர்களைப் பலகையிற் பொறித்து மகிழும் காலமாதலின், இவ்வாராய்ச்சி ஈண்டுப் பொருந்துமென்பது என் எண்ணம்.

இவ்வினா சொல்லளவில் நில்லாது, ஆண்டுதோறும் மெய்யாகவே வாக்கெடுப்புக்கு விடப்படும் நாடு ஒன்றுண்டு. அது அமெரிக்க ஐக்கிய நாடு. எறியப்படும் பந்தை உருண்ட மட்டையால் அடித்துவிட்டு நான்கு தளங்களைச் சுற்றி ஓடும் பேஸ்போல் என்னும் ஆட்டம் அந்நாட்டார்க்கு உயிர்போன்றது. நியூயோர்க் மாநிலத்துக் கூப்பர்ஸ்ரவுண் என்னும் சிற்றூரில் அவ்வாட்டத்துக்கெனப் புகழ் மண்டபம் ஒன்று 1939ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதற்குரியாரைத் தெரியும் வாக்கெடுப்போ 1936இலேயே தொடங்கிவிட்டது. பத்துப் பருவங்களேனும் ஆடி, ஓய்வு பெற்று ஐந்தாண்டு கழிந்த வீரரின் பெயர்களை விளையாட்டெழுத்தாளர் சங்கத்தார் ஆராய்வர். நூற்றுக்கு 75 வீதமான வாக்குப் பெற்றவரின் முகம் வெண்கலப் பட்டயத்தில் வார்க்கப்பட்டு மண்டபச் சுவரிற் பதிக்கப்படும்.

வாக்களிப்போர் நோக்கவேண்டியவை இவையென விதியொன்று வரையறுத்துள்ளது. வீரரின் பதிவுகள், ஆட்டத்திறன், நேர்மை, விளையாட்டுப் பண்பு, குணநலன், அணிக்கு ஆற்றிய தொண்டு என்பன அவை. ஆறனுள் மூன்று ஒழுக்கத்தின்பாற்பட்டவையாதலை ஓர்க. ஆனால், அதே நாட்டில் ஒகையோ மாநிலத்துக் கன்ரன் நகரிலுள்ள அமெரிக்கக் காற்பந்தாட்டப் புகழ் மண்டபத்தின் விதி வேறு. ஆடுகளத்துச் செய்கையை மட்டுமே நோக்குக என்பது அது. ஓ. ஜே. சிம்சன் என்பார் 1985இல் அங்கு இடம்பெற்றார். பின்னர் அவர்மீது சாட்டப்பட்ட கொலைக் குற்றத்திலிருந்து 1995இல் விடுவிக்கப்பட்டார், 2008இல் கொள்ளைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார், 2024இல் இறந்தார். அத்தனைக்கும் அவர் சிலை அம்மண்டபத்தை விட்டு அகற்றப்பட்டதில்லை. ஒரு நாட்டில் இரு மண்டபங்கள், இரு விதிகள். நம் மன்றத்தின் இரு கட்சிகளும் அங்கே கட்டடங்களாகவே நிற்கின்றன எனலாம்.

இனி, குற்றங்களைப் பகுத்து நோக்குவாம். களத்துக்கு வெளியே நிகழ்வன யாவும் ஒரு தன்மையன அல்ல.

முதலாவது, வெளியே நிகழினும் ஆட்டத்தின் வேரையே அரிக்கும் குற்றம். 1919ஆம் ஆண்டின் இறுதித் தொடரில், பணம் பெற்றுக்கொண்டு தோற்க உடன்பட்டனர் எனச் சிக்காகோ அணி வீரர் எண்மர்மீது குற்றஞ் சாட்டப்பட்டது. ஆயிரத்துக்கு 356 என்னும் அரிய அடிச்சராசரியையுடைய ஜோ ஜாக்சன் அவருள் ஒருவர். 1921இல் யூரிமார் அவர்களை விடுவித்தும், ஆட்டத்தின் ஆணையாளரான லாண்டிஸ் எண்மரையும் வாழ்நாள் முழுவதும் விலக்கினார். பீற் றோஸின் வரலாறும் இத்தகையதே. பந்தை அடித்துத் தளத்தைப் பாதுகாப்பாக எட்டிய முறை 4,256. அவ்வெண்ணிக்கையை விஞ்சினார் எவருமிலர். சின்சினாற்றி அணியின் முகாமையாளராக இருந்தபோது தம் அணியின் ஆட்டங்கள்மீதே பந்தயங் கட்டினார் என 1989இல் அவர் விலக்கப்பட்டார். விலக்கப்பட்டோர் பெயர் வாக்குச் சீட்டில் இடம்பெறலாகாதென மண்டபத்தார் 1991இல் விதி செய்தனர். நெடுங்காலம் மறுத்த றோஸ் 2004இற் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2024இல் அவர் இறந்தார். இறந்தவர்கள்மீதிருந்த தடை 2025ஆம் ஆண்டு மே மாதம் நீக்கப்பட்டது; ஜாக்சனின் தடையும் உடன் நீங்கியது.

இவ்விடத்துக் கவனிக்கற்பாலது ஒன்றுண்டு. வருமானவரிக் கணக்கிற் பொய் உரைத்தமைக்காக 1990இல் றோஸ் ஐந்து மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அவரை மண்டபத்தினின்றும் விலக்கியது அக்குற்றமன்று, பந்தயமே. அரசை ஏமாற்றியவன் குற்றவாளியே. ஆயினும் அவன் ஓடிய ஓட்டம் மெய்யான ஓட்டம். பந்தயங் கட்டுபவனோ தன் ஆட்டத்தைத் தானே ஐயத்துக்கிடமாக்குகின்றான். அதனை வெளிக் குற்றம் என்றல் பொருந்தாது. திறமையை அளக்கும் கோலையே முறித்தவன், அக்கோலால் தன்னை அளக்கக் கேட்டல் எங்ஙனம்?

இரண்டாவதே நம் வினாவின் உட்பொருள். ஆட்டத்தில் யாதொரு பழுதுமின்றி, ஆனால் இல்லத்திலோ ஊரிலோ பிறர்க்குத் தீங்கிழைத்தவனை யாது செய்வது? றொபேட்டோ அலோமர் 2011இல் மண்டபத்துக்குத் தெரிவானார். பெண்ணொருவர் கொடுத்த முறைப்பாட்டின்மேல் விசாரணை நடைபெற்று, 2021இல் ஆட்டத்தின் நிருவாகம் அவரை விலக்கியது. எனினும், தெரிவான காலத்தில் தகுதியுடையராயிருந்தார் எனக் கூறி மண்டபத்தார் பட்டயத்தை அகற்றாது விட்டனர். ஒரு வாயில் அடைபட, மறு வாயில் திறந்தே இருந்தது.

ஒழுக்கத்தை நோக்கலாகாதென்பாரின் கூற்றை முதலிற் பூர்வபக்கமாக வைப்பாம். பொற்கொல்லன் கோபக்காரனாயின் அவன் செய்த நகையின் மாற்றுக் குறையுமோ என்பது அவர்தம் முதல் வினா. குணத்தை அளப்பார்க்குக் குணமுண்டோ என்பது இரண்டாவது. இவ்விரண்டாவது எளிதிற் தள்ளத்தக்கதன்று. 1880களிற் கறுப்பின வீரரோடு களமிறங்க மறுத்த கப் அன்சன் 1939இல் மண்டபம் புகுந்தார். பிறர் ஒழுக்கத்துக்குத் தீர்ப்புரைத்த லாண்டிஸும் 1944இற் புகுந்தார். அவர் ஆணையாளராயிருந்த 1920 முதல் 1944 வரை கறுப்பின வீரர் ஒருவரேனும் பேரணிகளில் ஆட இடம்பெற்றிலர். ஜாக்கி றொபின்சன் அவ்வேலியைக் கடந்தது 1947இலேயே. ஆண்டின் தலைசிறந்த வீரர்க்கு வழங்கும் பரிசிலிருந்து லாண்டிஸின் பெயரை எழுத்தாளர் சங்கத்தார் 2020இல் நீக்கினர். ஒரு தலைமுறை குற்றமென்று காணாததனை மறு தலைமுறை காண்கின்றது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இவற்றுக்கு விடை கூறுவாம். பதிவு வேறு, மரியாதை வேறு. ஒருவன் ஓடிய நேரமும் அடித்த எண்ணிக்கையும் அவனுக்குரிய கடன். அவற்றை மறைக்க எவருக்கும் உரிமையில்லை. றோஸின் 4,256 ஏடுகளில் என்றும் உளது. அவர் தடைப்பட்டிருந்த காலத்தும் அவ்வாட்டத்தின் அரும்பொருட்சாலையில் அவரைப் பற்றிய பொருள்கள் வைக்கப்பட்டிருந்தன. பட்டயமோ கொடை. பொற்கொல்லனின் நகைக்கு உரிய விலை கொடுத்தல் கடன்; அவனை அவைநடுவே இருத்தி மாலை சூட்டுதல் கடனன்று. கொடுப்போர் தாம் எதனைப் போற்றுகின்றோம் என்று தம்மைத் தாமே வினாவுதற்கு உரிமையுடையர், கடமையும் உடையர்.

குணம் ஒருவரை உயர்த்தியமைக்கும் அம்மண்டபத்திற் சான்றுண்டு. போட்டோ றிக்கோத் தீவினரான றொபேட்டோ கிளெமென்ரே, பிற்ஸ்பேக் அணிக்காக ஆடிச் சரியாக 3,000 அடிகளைப் பெற்றவர். நிக்கராகுவா நாட்டில் நிலநடுக்கத்தால் நலிந்தோர்க்கு நிவாரணப் பொருள்களை ஏற்றிக்கொண்டு 1972 டிசெம்பர் 31இற் புறப்பட்ட விமானம் கடலில் வீழ்ந்து அவர் மாண்டார். ஐந்தாண்டு காத்திருத்தல் என்னும் விதியை அவர்பொருட்டுத் தளர்த்தி, 1973இலேயே சிறப்பு வாக்கெடுப்பால் அவரை மண்டபத்திற் சேர்த்தனர். அவர்தம் ஆட்டத்திறனே அவ்விடத்துக்குப் போதுமாயினும், விதியை வளைத்தது அவர் குணமேயன்றோ? திருவள்ளுவர் ஈகை என்னும் அதிகாரத்தை அடுத்துப் புகழ் என்னும் அதிகாரத்தை வைத்த முறைமையை மாணவர் நினைவு கூர்க. குணம் ஏற்றுமாயின், குணக்கேடு இறக்குதலும் முறையே.

ஆயினும் அவ்வுரிமைக்கு வரம்புகள் உள. விதி முன்னரே அறிவிக்கப்பட்டிருத்தல் வேண்டும். குற்றம் வதந்தியால் அன்றி விசாரணையால் தெளியப்பட்டிருத்தல் வேண்டும். வென்றவனுக்கும் தோற்றவனுக்கும், செல்வனுக்கும் வறியவனுக்கும் ஒரே அளவு வேண்டும். இளமையிற் செய்த சிறு பிழையையும் பிறர் வாழ்வைக் கெடுத்த தீங்கையும் ஒரு தட்டில் இடலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, மரியாதையை மறுக்குங்கால் உண்மையை அழித்தலாகாது.

இக்கடைசி வரம்பை யான் நூலிற் கற்றிலேன். ஆசிரியத் தொழிலிற் புகுந்த புதிதில் யான் கற்பித்த பாடசாலை ஒன்றில், 1,500 மீற்றர் ஓட்டத்திற் பழைய நேரத்தை முறியடித்த மாணவன் ஒருவன் இருந்தான். அவ்வாண்டே அவன் விடுதியிற் தன்னினும் இளையவனொருவனை அடித்துக் கையை முறித்தான். சிறந்த வீரனுக்குரிய கேடயம் அவனுக்கு மறுக்கப்பட்டது. அது தக்கதே. அவன் மேடையேறிக் கேடயம் வாங்க, முறிந்த கையோடு அச்சிறுவன் சபையில் இருந்து பார்த்திருப்பானாயின், எம் கைதட்டல் அவனுக்கு யாது கூறியிருக்கும்? ஆனால், அத்துடன் நில்லாது, சாதனைப் பலகையிலிருந்த அவன் பெயரையும் நேரத்தையும் மைபூசி அழித்து, அவனுக்கு முன்னிருந்தவன் பெயரை மீட்டும் எழுதினர். அம்முடிவெடுத்த கூட்டத்தில் யானும் இருந்தேன். எல்லாருள்ளும் இளையவனாதலின் வாய் திறந்திலேன்.

பல்லாண்டு கழித்துத் தெருவில் என்னைக் கண்டு சைக்கிளை விட்டு இறங்கினான். நலம் விசாரித்தபின், "சேர், நான் அவனை அடிச்சது பிழைதான். கேடயம் தராமல் விட்டதும் சரிதான். ஆனால் நான் ஓடினது பொய்யோ?" என்று கேட்டான். மறுமொழி கூற என்னால் இயலவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டு திருந்திய ஒருவனிடம் அப்பலகையால் நாம் பொய்யுரைத்துவிட்டோம் என்பதனை அன்றே உணர்ந்தேன்.

ஆதலின் மன்றத்து மாணவர்க்கு என் தீர்ப்பு இது. ஒழுக்கத்தை நோக்கவேண்டும் என்ற அணிக்கே வெற்றி. ஆயின், ஒழுக்கமிலார் பெயரை எல்லா ஏடுகளினின்றும் நீக்கவேண்டுமென அவ்வணித் தலைவர் முடிவிற் கூறியதனை யான் ஏற்கிலேன். இவ்விழாவையொட்டிப் பெயர்ப்பலகைகளைப் புதுக்கும் குழுவினர்க்கும் அடியேன் விண்ணப்பம் ஒன்றுண்டு. சாதனைப் பலகையில் ஓடியவர், பாய்ந்தவர், எறிந்தவர் பெயர்களையெல்லாம் அவர்தம் அளவுகளோடு உள்ளவாறே எழுதுக. கௌரவப் பலகையில் எழுதுங்கால் மட்டும் தூரிகையைச் சற்று நிறுத்தி, இவரைப்போல் ஆகுக என்று நம் சிறுவர்க்குக் கூற இயலுமா என ஆராய்ந்து எழுதுக.