‘புரோப்ர்’ என்னும் பிரெஞ்சுச் சொல்: இடமும் பொருளும்

பிரெஞ்சு மொழி பயில்வோர் தொடக்கத்திலேயே எதிர்கொள்ளும் பெயரடைகளுள் ஒன்று ‘புரோப்ர்’. அகராதியைப் புரட்டினால் ‘சொந்தமான’, ‘தகுந்த’, ‘தூய்மையான’ என்னும் பொருள்களைக் காணலாம். தொடர்பற்றவை போலத் தோன்றும் இவை ஒரே சொல்லில் அமைந்தது எவ்வாறு? மொழிபெயர்ப்பில் உரிய பொருளைத் தெரிவது எங்ஙனம்? இவ்விரு வினாக்களையும் ஈண்டு ஆராய்வோம்.

‘புரோப்ரியுஸ்’ என்னும் இலத்தீன் சொல்லே இதன் மூலம். ‘தனக்கே உரிய’ என்பது அதன் பொருள். உரியது என்னும் கருத்திலிருந்து பொருத்தமானது என்பதும், அதிலிருந்து ஒழுங்கானது, தூய்மையானது என்பனவும் படிப்படியாகக் கிளைத்தன. உடைமையைக் குறிக்கும் ‘புரோப்ரியெத்தே’, தூய்மையைக் குறிக்கும் ‘புரோப்ர்தே’ ஆகிய பெயர்ச்சொற்கள் இவ்வுறவை இன்றும் காட்டுகின்றன.

தமிழில் பெயரடை பெயருக்கு முன்னரே நிற்கும். பிரெஞ்சிலோ முன்னும் வரும், பின்னும் வரும். ‘மா புரோப்ர் ஷாம்ப்ர்’ என்றால் ‘என் சொந்த அறை’. ‘மா ஷாம்ப்ர் புரோப்ர்’ என்றால் ‘என் தூய்மையான அறை’. முன் நின்றால் உரிமை, பின் நின்றால் தூய்மை என மாணவர் மனத்தில் இருத்துவர். பெரும்பாலும் இது பொருந்தும். எனினும் முற்ற முடிந்த விதியன்று.

‘நோம் புரோப்ர்’ என்பதில் அடை பின்னே நின்றும் ‘சிறப்புப்பெயர்’ என்றே பொருள். ரூசோ 1755இல் வெளியான தம் நூலில் ஆராய்ந்த ‘அமூர்-புரோப்ர்’, பிறரோடு ஒப்பிட்டுத் தன்னை மதிக்கும் தன்மதிப்பாகும். ‘தூய அன்பு’ அன்று. ‘ஆ’ என்னும் முன்னிடைச்சொல் தொடர்ந்தால் ‘தகுந்த’ என்னும் பொருள் பிறக்கும். குடிக்கத் தகுந்த நீரை இவ்வாறே குறிப்பர்.

ஓர் ஆவணத்தை ‘ஆன் மேன் புரோப்ர்’ ஒப்படைக்க வேண்டும் எனில், உரியவர் கையிலேயே நேரில் சேர்க்க வேண்டும் என்பது கருத்து. இதனைத் ‘தூய கைகளில்’ எனப் பெயர்த்தால் யாரிடம் கொடுப்பது என்னும் கட்டளையே மறைந்துபோகும். ஆவணம் பிறர் கைக்கும் போகக்கூடும்.

ஆதலின் சொல் நிற்கும் இடத்தை முதலிற் காண்க. அதனோடு இணைந்து வரும் சொல்லை அடுத்து நோக்குக. இது நிலைத்த தொடரோ என அகராதியில் தேர்க. இம்மூன்றும் செய்தபின் எழுதும் மொழிபெயர்ப்பே நம்பத்தக்கதாகும்.