தவளைக்கு உயிர் இருக்கிறது!

தோட்டத்தில் சருகு கூட்டும்போது ஒரு தவளை கல்லைப் போல் விறைத்துக் கிடந்தது. செத்துவிட்டதா? புதைத்துவிடலாமா?
– வாசகி, டொரண்டோ

ஐயோ, புதைத்துவிடாதீர்கள்! கண்ணை ஒட்டி முகமூடி மாட்டியதுபோல் கறுப்புப் பட்டை இருந்ததா? அப்படியானால் அது 'உட் ஃப்ராக்' என்கிற காட்டுத் தவளை. குளிர்காலத்தில் அதன் மூச்சும் இதயத் துடிப்பும் நின்றுவிடும். உடலிலுள்ள நீரில் சுமார் 65 சதவீதம் வரை உறைந்தாலும் பிழைத்துக்கொள்ளும்.

தோலில் பனி பிடிக்கத் தொடங்கியதுமே, கல்லீரல் தான் சேர்த்துவைத்த கிளைக்கோஜனைக் குளுக்கோஸாக்கி ரத்தத்தில் கொட்டும். நம் உடம்பு தாங்கவே முடியாத அளவு சர்க்கரை அது! அதனால்தான் செல்களுக்கு வெளியே பனிக்கட்டி உருவானாலும் உள்ளே உறைவதில்லை. வசந்தத்தில் பனி இளகும்போது முதலில் இதயம் துடிக்கும். கால்கள் அசைவது அதற்குப் பிறகுதான்.

பாவமென்று வீட்டுக்குள் எடுத்துவந்து சூடு காட்ட வேண்டாம். இப்போது விழித்தால் தின்னப் பூச்சி கிடைக்காது. எடுத்த இடத்திலேயே வைத்து, சருகால் நன்றாக மூடிவிடுங்கள். மேலே பனி கொட்டினால் இன்னும் நல்லது, கடுங்குளிர் கீழே இறங்காது. மிச்சச் சருகை வசந்தம் வரை கூட்டாதீர்கள், அடியில் இன்னும் சில தவளைகள் இருக்கலாம்.